மூன்றாவது பந்தைப் பாருங்கள்: டேபிள் டென்னிஸ் பாணிகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி

சேலத்தில் டேபிள் டென்னிஸ் பழகும் பிள்ளைகளுக்கு, உலகத் தரமான எந்த மேட்சும் இன்று கையிலிருக்கும் போனில் கிடைக்கிறது. அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ சாயங்காலப் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றும்போதே ஒருத்தன் போனை எடுப்பான். நாலு தலை அதன் மேல் கவிழும். "செம ஷாட்டு!" என்பார்கள். அடுத்த வீடியோ ஓடும். இப்படி வருடக்கணக்கில் பார்த்தும், "இவர் என்ன பாணி ஆட்டக்காரர்?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வருவதில்லை. பார்ப்பது ரசிப்பதோடு நின்றுவிடுகிறது.

இதற்கு முக்கியக் காரணம் அந்தச் சிறு தொகுப்பு வீடியோக்கள்தான். இருபது ஷாட் வரை போகும் நீண்ட ரேலிகளையே பொறுக்கிச் சேர்க்கிறார்கள். முழு மேட்சை உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பெரும்பாலான பாயிண்டுகள் நாலைந்து அடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு வீரர் யார் என்பது அந்தக் குட்டிப் பாயிண்டுகளில்தான் இருக்கிறது. தொகுப்பில் அவை வருவதே இல்லை. அதனால் முழு மேட்சைப் பாருங்கள். நேரமில்லை என்றால் ஒரே ஒரு கேமையாவது முதல் சர்வீசிலிருந்து கடைசிப் பாயிண்ட் வரை வெட்டாமல் பாருங்கள்.

சரி, பாணி என்றால் என்ன? ஒருவர் எந்த அடியால் பாயிண்டை ஜெயிக்க விரும்புகிறாரோ, அந்த அடிக்கு வாய்ப்பு வரும்படி மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொள்வதுதான் பாணி. பேட்டைப் பிடிக்கும் விதம், ஒட்டியிருக்கும் ரப்பர், டேபிளிலிருந்து நிற்கும் தூரம், போடும் சர்வீஸ் எல்லாமே அந்த ஒரு அடிக்காகத் தயாராக இருக்கும். அந்த அடி எது என்று கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, மூன்றாவது பந்தைப் பார்ப்பது. சர்வீஸ் முதல் பந்து. எதிராளி எடுப்பது இரண்டாவது. சர்வீஸ் போட்டவர் திரும்ப ஆடுவது மூன்றாவது. சர்வீசை யாரும் தடுக்க முடியாது, அது முழுக்க அவர் கையில் இருக்கிறது. ஆகவே மூன்றாவது பந்தில் அவர் செய்வதுதான் அவர் முன்கூட்டி ஆசைப்பட்டது. சீனப் பயிற்சியாளர்களும் ஒரு பாயிண்டை மூன்று கட்டமாகப் பிரித்தே கணக்குப் பார்க்கிறார்கள்: சர்வீசும் மூன்றாவது பந்தும் ஒன்று, ரிசீவும் (சர்வீசை எடுப்பது) நான்காவது பந்தும் ஒன்று, அதற்கு மேல் போகும் ரேலி ஒன்று.

பார்க்கத் தொடங்க நான் முதலில் சொல்லும் மேட்ச், டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில் நம் சரத் கமலும் சீனாவின் மா லாங்கும் ஆடியது. ஒரு பக்கம் 2016-லும் டோக்கியோவிலும் ஒற்றையர் தங்கம் வாங்கியவர், இன்னொரு பக்கம் பத்து முறை தேசிய சாம்பியனான சென்னைக்காரர். முதல் கேமை மா லாங் எடுத்தார், இரண்டாவதை சரத் எடுத்தார், மூன்றாவது 13-11 வரை போய் மா லாங் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு கேமும் 11-4. முடிவு 4-1.

இந்த மேட்சில் பந்தைத் துரத்தாமல் மா லாங்கின் கால்களை மட்டும் பாருங்கள். வலக்கைக்காரரான அவர் சர்வீஸ் போடுவது டேபிளின் இடது மூலையிலிருந்து. வலையை ஒட்டிக் குட்டையாகப் போடுவார். சிலதில் கட் (பந்து பின்னோக்கிச் சுழல்வது) இருக்கும், சிலதில் ஸ்பின்னே இருக்காது, இரண்டுக்கும் கை அசைவு ஒன்றுபோலத் தெரியும். எதிராளி அதைப் பெரும்பாலும் மா லாங்கின் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது பேட் பிடிக்காத கைப் பக்கம், மெல்லத் தள்ளிவிடுவார். அந்தப் பந்து வலையைத் தாண்டுவதற்குள் மா லாங்கின் இடது கால் டேபிளுக்கு வெளியே போயிருக்கும், உடம்பு திரும்பியிருக்கும். பேக்ஹேண்ட் மூலைக்கு வந்த பந்தை ஃபோர்ஹேண்டால் அடிப்பார். ஃபோர்ஹேண்டை மையமாக வைத்த பாணி இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு. அவர் இடது மூலைக்குப் போனதும் வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். இரண்டாவது, மூன்றாவது கேமில் சரத் அந்தத் திறந்த பக்கத்தை எத்தனை முறை குறிவைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். சரத்துக்கும் ஃபோர்ஹேண்டுதான் பலம். ஆனால் அவர் உயரமானவர், கை நீளம். டேபிளிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று வீசி அடிக்க அவருக்குப் பிடிக்கும். இரண்டு பேருமே ஃபோர்ஹேண்ட் ஆட்டக்காரர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நிற்கும் தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆட்டம்.

அடுத்துப் பேக்ஹேண்ட். 2010-க்குப் பிறகு சீனாவின் சாங் ஜிகே போன்றவர்களால் பரவலான ஒரு அடி ஆட்டத்தையே மாற்றிவிட்டது: குட்டையாக வரும் சர்வீசைத் தள்ளாமல், டேபிளுக்கு மேலேயே கையை நீட்டி மணிக்கட்டைச் சுழற்றி பேக்ஹேண்டால் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழல்வது) போடுவது. வாழைப்பழம்போல் பந்து வளைந்து போவதால் பனானா ஃபிளிக் என்கிறார்கள். இது வந்தபிறகு ரிசீவ் செய்பவரே தாக்கத் தொடங்கிவிட்டார். சீனாவின் ஃபான் செந்தோங்குக்கும் ஜப்பானின் ஹரிமோட்டோவுக்கும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் நடந்த ஆட்டம் இதற்கு அருமையான பாடம். ஃபான் 0-2 எனப் பின்தங்கி 4-3 என ஜெயித்தார், பிறகு தங்கமும் வாங்கினார். ஹரிமோட்டோ டேபிளை விட்டு நகராமல், பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டால் வாங்கித் திருப்புவார். எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தரக் கூடாது என்பதே அவருடைய ஆட்டத்தின் உயிர். நம் சத்தியனும் இந்த வகைதான். 2019-இல் அவர் உலகத் தரவரிசையில் 24-ஆவது இடம்வரை போனது, டேபிளை ஒட்டிய அந்த வேகமான பேக்ஹேண்டால்தான்.

டேபிளை ஒட்டி நிற்பவரை எப்படி மடக்குவார்கள் என்பதையும் கூடவே பாருங்கள். ஒன்று, ஓரத்துக்கு ஓரம் அகலமாகப் போட்டு இழுப்பார்கள். இன்னொன்று, முழங்கைக்கு நேராகப் பந்தைப் போடுவார்கள். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவெடுக்க முடியாத இடம் அது. உள்ளூர் ஆட்டத்தில் இதை யாரும் குறிவைப்பதில்லை. உலகத் தர ஆட்டத்தில் முக்கியமான பாயிண்டுகளில் பந்து திரும்பத் திரும்ப அங்கேதான் போகும்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் கை குலுக்குவதுபோல் பேட்டைப் பிடிப்பவர்கள். பேனா பிடிப்பதுபோல் பிடிக்கும் பென்ஹோல்ட் பாணி இப்போது குறைவு, ஆனால் பார்க்கவேண்டியது. பழைய முறையில் ஒரு பக்க ரப்பரால் மட்டும் ஆடுவார்கள். பேக்ஹேண்டில் வலுவாக அடிக்க முடியாது என்பதால் எல்லாப் பந்தையும் ஃபோர்ஹேண்டால் எடுக்க ஓடிக்கொண்டே இருப்பார்கள். தென் கொரியாவின் ரியூ சியுங்-மின் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அந்தக் கால்களால்தான் தங்கம் வாங்கினார். அன்று அவரிடம் தோற்ற வாங் ஹாவும் பென்ஹோல்ட்தான், ஆனால் பேட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அதனால் பேக்ஹேண்ட் அடித்தவர். ஒரே பிடியில் இரண்டு தலைமுறை மோதிக்கொண்ட மேட்ச் அது. இன்று பிரான்சின் ஃபெலிக்ஸ் லெப்ரன் அந்தப் பின்பக்க பேக்ஹேண்டோடு ஆடி, 2024 பாரிஸில் 17 வயதில் ஒற்றையர் வெண்கலம் வாங்கியிருக்கிறார். அவர் சர்வீஸ் போடும்போது மணிக்கட்டைப் பாருங்கள். இந்தப் பிடியில் மணிக்கட்டு எவ்வளவு தாராளமாகச் சுழல்கிறது என்பது தெரியும்.

இனி ரப்பர். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வழவழப்பாக இருக்கும் ரப்பர் பந்தைப் பிடித்து இழுக்கும், அதனால் ஸ்பின் போட முடியும். எதிராளியின் ஸ்பின்னும் அதில் நன்றாக ஏறும். லாங் பிம்பிள்ஸ் என்னும் நீளமான முள்முள்ளான ரப்பரில் முட்கள் வளைந்து கொடுக்கும், பந்தைப் பிடிக்காது. எதிராளி டாப்ஸ்பின் போட்டு அனுப்பினால் பந்து சுழலும் திசை பெரிதும் மாறாமலே திரும்பிப் போகும். ஆனால் இப்போது பந்து எதிர்த்திசையில் பயணிக்கிறது; ஆகவே போகும் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கட். அவர் போட்ட ஸ்பின்னே அவருக்கு நேர்மாறாகத் திரும்பி வருகிறது. டாப்ஸ்பின் வரும் என்று நினைத்து அடித்தால் பந்து வலையில் சிக்கும். மனிகா பத்ராவின் பேக்ஹேண்டில் இருப்பது இந்த ரப்பர். 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வரை அவரைக் கொண்டுபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ரேலியின் நடுவே அவர் பேட்டை விரல்களில் திருப்பி ரப்பரை மாற்றிக்கொள்வதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிடிக்கலாம். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வேறு நிறமுமாக ரப்பர் இருக்கவேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரியவேண்டும். அய்ஹிகா முகர்ஜி வைத்திருப்பது ஆன்டி-ஸ்பின் ரப்பர். பார்க்க வழவழப்பு, ஆனால் பிடிமானமே இருக்காது. 2024 புசான் உலகக் குழுப் போட்டியில் அன்றைக்கு உலகின் முதல் நிலையில் இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை அவர் தோற்கடித்தார். அந்த மேட்சில் சுன் யிங்ஷா பந்தை வலையில் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி, அதற்கு முந்தைய அடியில் அய்ஹிகா எந்தப் பக்கத்தால் தொட்டார் என்று பாருங்கள்.

இதைக் கையாலேயே உணர நமக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏற்காடு போய் ஆடினால், ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து பந்திலும் ரப்பரிலும் ஈரம் படியும். டாப்ஸ்பின் போட்டால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கும், பந்து ஸ்பின் இல்லாமல் செத்துப்போய்ப் போகும். நல்ல ரப்பரே ஆன்டி-ஸ்பின் மாதிரி நடந்துகொள்ளும். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் லீவுக்குக் கீழே வந்து எங்களோடு ஆடுவாள். இரண்டு பாயிண்டுக்கு ஒருமுறை பேட்டைப் பாவாடை நுனியில் துடைப்பாள். ஏப்ரல் வெயிலில் சேலத்திலும் அந்தக் கை பழக்கத்தில் போகும். வீசி அடிப்பதைவிட, பேட்டை நிறுத்திப் பந்தைத் தட்டிவிடுவதில் அவள் கெட்டி. ஈரத்தில் ஸ்பின்னை நம்ப முடியாத இடத்தில் பழகியதன் விளைவு என்றே நினைக்கிறேன்.

உயரமும் கொஞ்சம் விளையாடும். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு ஏறினால் 1,500 மீட்டர். மேலே காற்று லேசு. டாப்ஸ்பின் பந்து டேபிளில் வளைந்து இறங்குவது காற்றைத் தள்ளித்தான். காற்று லேசானால் வளைவு குறையும், வேகமும் சற்றுக் குறைவாகவே தணியும். கீழே அளவாக விழுந்த டாப்ஸ்பின் மேலே டேபிளின் கடைசி ஓரத்தைத் தாண்டிவிடும். வித்தியாசம் பெரிதல்லதான், ஆனால் ஓரத்தைக் குறிவைக்கும் பந்துக்கு விரற்கடை அளவே போதும்.

தற்காப்பு ஆட்டத்தைக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டேபிளிலிருந்து மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய், எதிராளி அடிக்கும் ஒவ்வொரு பந்தையும் மேலிருந்து கீழாக வெட்டிக் கட் போட்டு அனுப்புவார்கள். இவர்களைச் சாப்பர் என்கிறோம். தென் கொரியாவின் ஜூ சே-ஹ்யுக் 2003 உலகச் சாம்பியன்ஷிப்பில் இறுதிவரை போய் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் தோற்றார். அந்த இறுதியாட்டத்தை ஒருமுறை போட்டுக் காட்டியபோது பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்:

"ஏங்கண்ணா, அவரு எதுக்கு அவ்ளோ பின்னால போறாரு? சும்மா திருப்பிவுட்டுக்கிட்டே இருந்தா எப்புடி ஜெயிப்பாரு?"

"திருப்பிவிடறதில்ல கண்ணு. ஒரு பந்துல கட்டு நெறய இருக்கும், அடுத்ததுல இருக்காது. கை ஒரே மாதிரிதான் போவும். அடிக்கிறவருதான் கண்டுபுடிக்கணும்."

ஜூவின் தனித்தன்மை, வெட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று முன்னால் பாய்ந்து ஃபோர்ஹேண்டால் அடிப்பது. அவருடைய பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ், ஃபோர்ஹேண்டில் வழவழப்பு ரப்பர். ஆகவே இங்கே மூன்றாவது பந்து விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பரின் ஆசை ஏழாவது, பத்தாவது பந்தில் வெளிப்படும். அவரை எதிர்த்து ஆடுபவர், வலையை ஒட்டி ஒரு குட்டைப் பந்து போட்டு முன்னால் இழுத்து, அடுத்ததை உடம்புக்கு நேராக வேகமாக அடிப்பார். ஓடி வந்த கால் பின்னால் போவதற்குள் பந்து போய்விடும்.

ஸ்பின்னைத் திரையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். டிவி கேமரா டேபிளின் ஒரு முனைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும். பந்தின் சுழற்சி அதில் தெரியாது. ரிசீவ் செய்பவர்தான் உங்களுக்குக் காட்டிக்கொடுப்பார். அவர் தொட்ட பந்து வலையில் விழுந்தால், வந்தது அவர் நினைத்ததைவிட அதிகக் கட். மேலே எகிறினால், கட் என்று நினைத்தது ஸ்பின் இல்லாத பந்து, அல்லது டாப்ஸ்பின். பேட்டின் அசைவையும், பந்து அடுத்து எங்கே போனது என்பதையும் சேர்த்து வைத்தால் சர்வீசின் ரகசியம் பாதி விளங்கும். வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஒரே சர்வீசைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். வர்ணனையை நிறுத்திவிட்டு அரங்கத்தின் சத்தத்தை மட்டும் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. ஓங்கி அடித்ததற்கும் மெல்ல உரசியதற்கும் ஒலி வேறு.

பழைய மேட்சுகளைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள், அன்றைய விதிகள் வேறு. 2000-ஆம் ஆண்டில்தான் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001 வரை ஒரு கேமுக்கு 21 பாயிண்ட், ஒருவருக்குத் தொடர்ந்து ஐந்து சர்வீஸ். சர்வீஸ் போடும்போது பந்தை உடம்பால் மறைக்கக் கூடாது என்ற விதி 2002-இல் வந்தது. செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது 2014-இல். பந்தில் வந்த மாற்றங்கள் ஸ்பின்னையும் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தன. அதனால் 1992 ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்வீடனின் வால்ட்னரின் சர்வீசைப் பார்த்து அப்படியே போட முயலாதீர்கள். அவருடைய நிதானத்தையும் பந்து போடும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் எத்தனையாவது பந்தில் முடிந்தது, எந்தக் கையால் முடிந்தது, பந்து எங்கே விழுந்தது, இந்த மூன்று மட்டும். ஒரு கேமுக்கே பக்கம் நிறைந்துவிடும். நிறைந்த பக்கத்தில் எந்த எண் அதிகம் என்று பார்த்தால் போதும், பாணி தானாகத் தெரியும். மூன்றும் ஐந்தும் அதிகமா, சர்வீஸ் போட்டுத் தாக்குபவர். இரண்டும் நான்கும் அதிகமா, ரிசீவில் தாக்குபவர். இரட்டை இலக்கங்கள் நிறைய இருக்கிறதா, தற்காப்பு ஆட்டக்காரர் அல்லது அவரோடு மல்லுக்கட்டுபவர்.

இந்தப் பழக்கம் வந்தபிறகு உங்கள் சொந்த மேட்சுக்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களும் உபயோகப்படும். ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பலர் மரியாதைக்காக ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் பாருங்கள்: முள்ளா வழவழப்பா, முள் நீளமா குட்டையா, எந்த நிறத்தில் எது. பிறகு வரும் இரண்டு நிமிடப் பயிற்சியில் அவர் டேபிளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார், பேக்ஹேண்ட் மூலைக்கு வந்த பந்தை எந்தக் கையால் எடுக்கிறார் என்று கவனியுங்கள். முதல் சர்வீஸ் உங்களுடையது என்றால், ஒன்றைக் குட்டையாக ஃபோர்ஹேண்ட் பக்கம் போடுங்கள், இரண்டாவதை நீளமாக முழங்கைக்குப் போடுங்கள். எதில் தடுமாறுகிறார் என்று தெரிந்துவிடும். மூன்றாவது பாயிண்டிலிருந்து சர்வீஸ் அவர் கைக்குப் போகும். அப்போது அவருடைய கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள்.